பல்லில் வெட்டிய சிலுவை

கிறிஸ்துராஜைப் பிழைக்கத் தெரியாதவர் என்று எங்கள் பட்டறையில் வேலை பார்த்த சிலர் இன்றைக்கும் சொல்வார்கள். என் காதுபடச் சொன்ன இரண்டு பேரோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அந்தத் தீவில் நடந்ததை அவரோடு நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால் நான் சொல்வதுதான் நியாயம். சொல்லும்போது என் வண்டவாளமும் வெளியே வரும். வரட்டும்.

என் பெயர் தங்கவேல். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில் டெஸ்பாட்ச் கிளார்க். பி.ஏ. இங்கிலீஷ் இரண்டு தடவை எழுதிப் பாஸ் செய்தவன் என்பதால், பட்டறைக்கு வரும் இங்கிலீஷ் கடிதமெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். கிறிஸ்துராஜ் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணனூரிலிருந்து சைக்கிளில் வருவார். வார்த்தெடுத்த இரும்பில் ஒட்டியிருக்கும் பிசிறை உளியால் செதுக்கி, கிரைண்டரில் தேய்த்து, உலையில் சிவக்கக் காய்ச்சி, கடைசியில் எண்ணெய்த் தொட்டியில் முக்கி எடுப்பதுவரை அவர் பொறுப்பு. எந்தப் படிப்பும் கிடையாது. இரும்பு சிவக்கிற நிறத்தைப் பார்த்தே போதும் போதாது என்று சொல்லிவிடுவார்.

நாங்கள் செய்தது பல். சிரிக்க வேண்டாம், அதன் பெயரே அதுதான். மண்ணை அள்ளும் ராட்சச இயந்திரத்தின் வாயில் வரிசையாகச் சொருகுகிற, முழங்கை நீள இரும்புப் பல். மண்ணைக் கடிப்பது அதுதான், தேய்வதும் அதுதான். தேயத் தேயப் புதிது மாற்றுவார்கள். பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவு, அதில் உரத்துக்கான பாஸ்பேட் மண் தோண்டும் ஒரு கம்பெனி. 1980 முதல் எங்கள் பல்லில் முக்கால்வாசி அங்கேதான் போயிற்று. ஒவ்வொரு மரப்பெட்டியிலும் அந்தத் தீவின் பெயரை ஸ்டென்சில் வைத்துக் கறுப்புப் பெயிண்டில் அடித்தவன் நான். உலகப்படத்தில் அதைத் தேடிப் பார்த்தால் ஈ உட்கார்ந்த அளவுகூட இருக்காது.

81-இல் எங்கள் பட்டறையில் ஒரு விபத்து. கிரைண்டர் கல் வெடித்து அருள்தாஸ் என்கிறவருக்கு இடது கையில் மூன்று விரல் போய்விட்டது. கிறிஸ்துராஜுக்குப் பக்கத்து மிஷின்காரர். அந்த விரல்களைத் துணியில் பொறுக்கி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரே கிறிஸ்துராஜ்தான். ஆஸ்பத்திரியில் ஒட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மறுவாரத்திலிருந்து அவர் ஒரு பழக்கம் ஆரம்பித்தார். உலைக்குப் போகும் முன்னால், ஒவ்வொரு பல்லின் கழுத்திலும் உளியால் ஒரு சின்னச் சிலுவை வெட்டுவார். இரண்டே அடி, குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. பல்லைப் பொருத்தினால் அந்த இடம் இயந்திரத்தின் உறைக்குள்ளே மறைந்துவிடும், யாருக்கும் தெரியாது. ஏன் என்று கேட்டேன்.

"நம்ம கைலருந்து போற சாமான் எவனுக்கும் காயம் பண்ணக்கூடாது தங்கவேலு. அதுக்குத்தான்."

நான் சும்மா இருப்பேனா. சிலுவை போட்ட பல்லை அவர் எண்ணெயில் முக்கும்போதெல்லாம், "இன்னா அண்ணாத்தே, இன்னிக்கு எத்தினி பேருக்கு ஞானஸ்நானம்?" என்பேன். அவரும் சிரித்துக்கொண்டே, "உனக்கும் ஒரு எடம் கீது, வா, முக்கிடறேன்" என்பார். எட்டு வருஷம் இந்தக் கிண்டல் ஓடியது.

89 பிப்ரவரியில் தீவிலிருந்து ஒரு டெலக்ஸ் வந்தது. பல் தேயாமலே உடைகிறது, ஒரே மாதத்தில் ஐந்து. கடைசியாக உடைந்தது துண்டாகப் பறந்து ஒரு தொழிலாளியின் கண்ணை எடுத்துவிட்டது. உங்கள் இரும்பில் குறையா, எங்கள் ஆபரேட்டர் பாறையில் மோதினானா என்று பார்க்க ஆள் அனுப்புங்கள், டிக்கெட் எங்களுடையது. இதுதான் சாரம். முதலாளி ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"இரும்பு தெரிஞ்சவன் இவன், இங்கிலீஷ் தெரிஞ்சவன் நீ. போய் ஆபரேட்டர் தப்புன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வா. ரிப்போர்ட்டை இங்கயே டைப் அடிச்சுக்கோ" என்றார் என்னிடம்.

அடித்துக்கொண்டேன். பார்க்காத விஷயத்துக்கு ஒன்றரைப் பக்கத்தில் ரிப்போர்ட். எனக்கு அப்போது அது தப்பாகவே படவில்லை. விமானத்தில் ஏறப்போகிறோம் என்கிற பூரிப்பில் வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை.

மூன்று விமானம் மாறி இறங்கினோம். கரையோரம் தென்னந்தோப்பு, பளிங்கு மாதிரி கடல், குட்டையாக வெள்ளைச் சர்ச் ஒன்று. கிறிஸ்துராஜுக்கு வாயெல்லாம் பல். புதுச் சட்டை கசங்கியது பற்றிக்கூடக் கவலைப்படவில்லை.

"பரலோகம் மாரி கீதுடா. ஞானகுமாரிய ஒருதரம் இட்டாந்து காட்டணும்" என்றார். ஞானகுமாரி அவர் மனைவி.

எங்களைக் கூட்டிப்போக ஒரு லாரியோடு வந்தவன் முப்பது வயசுக்காரன், நல்ல உயரம், சிரிப்பே இல்லை. பெயர் இயோவானே. அரைகுறை இங்கிலீஷ் பேசினான். அது யோவான் என்கிற பெயர்தான் என்று தெரிந்ததும் கிறிஸ்துராஜ், நம்ம ஊர் சர்ச்சில் யோவானைச் சொல்வதுபோல, அவனை "அருளப்பன்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவனும் அதற்குத் திரும்பிப் பார்த்தான். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவன் யாரென்று சொன்னான். பல் உடைந்த கிரேனை ஓட்டிய ஆபரேட்டர் அவனேதான். விசாரணை முடியும்வரை கிரேனில் ஏறக்கூடாது என்று இறக்கிவிட்டிருக்கிறார்கள். கண் போனது அவன் மனைவியின் தம்பிக்கு. அவன் இந்தத் தீவுக்காரனும் இல்லை, பிழைக்க வந்தவன். தப்பு அவனுடையது என்று முடிவானால், அடுத்த கப்பலில் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே மீனும் தேங்காயும் தவிர ஒன்றுமில்லை.

"பாறையில் மோதவில்லை. நான் பதினோரு வருஷம் ஓட்டியவன். என் மனைவியே நம்ப மாட்டேன் என்கிறாள், என்னோடு பேசுவதில்லை" என்றான். நான் அதைக் கிறிஸ்துராஜுக்குத் தமிழில் சொன்னேன். என் பையில் அந்த டைப் அடித்த ரிப்போர்ட் இருந்தது.

லாரி மேட்டில் ஏறித் தீவின் நடுப்பகுதிக்குள் நுழைந்தது. தென்னை தீர்ந்தது. செடி தீர்ந்தது. அப்புறம் மண்ணே தீர்ந்துவிட்டது.

நான் பார்த்ததைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. கண்ணுக்கு எட்டியவரை கல் தூண்கள். ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம், சாம்பலும் வெள்ளையுமாக, கூர் கூராக, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கில் நின்றன. நடுவிலெல்லாம் பள்ளம், எட்டிப் பார்த்தால் தலை சுற்றியது. ஒரு பிடி மண் இல்லை, ஒரு குருவி இல்லை, ஒதுங்க நிழல் இல்லை. கல்லில் பட்ட வெயில் திரும்ப எங்கள் முகத்தில் அடித்தது. சதையைத் தின்று முடித்துத் தட்டோரம் ஒதுக்கிய மீன் முள் மாதிரி கிடந்தது அந்த ஊர். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

கிறிஸ்துராஜ் லாரியிலிருந்து இறங்கி நின்றார்.

"இன்னா எடம்டா இது? நெருப்பு கிருப்பு பத்திக்கிச்சா? கேளு அவன."

கேட்டேன். இயோவானே சாதாரணமாகத்தான் சொன்னான். இதெல்லாம் தரையாக இருந்த இடம், மேலே காடு இருந்தது, தாழை மரம் இருந்தது. இந்தக் கல் எப்போதும் அடியில் இருந்ததுதான், இரண்டு கல்லுக்கும் நடுவில் நிறைந்திருந்த மண்தான் பாஸ்பேட். கிரேனில் தொங்கும் வாயை இறக்கி அந்த மண்ணை மட்டும் அள்ளி எடுத்தால், கல் மிஞ்சும். தாத்தா காலத்திலிருந்து எடுக்கிறார்கள். அப்புறம் கையை நீட்டி ஒரு பக்கம் முழுவதையும் காட்டினான்.

"அந்தப் பக்கம் முழுக்க உங்கள் பல் எடுத்தது. நல்ல பல்" என்றான்.

அவன் பாராட்டாகத்தான் சொன்னான். நான் மொழிபெயர்த்தேன். கிறிஸ்துராஜ் அந்தப் பக்கம் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பக்கத்திலிருந்த கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கல் சுட்டிருக்கும். எழுந்திருக்கவில்லை.

"வயலுக்கு ஒரம் போவுதுன்னுதானே சொன்ன? எங்கயோ நெல்லு வெளையுதுன்னு நான் ஊட்ல சொல்லி வச்சிருக்கேன்டா."

"வெளையுது அண்ணே. இங்க இல்ல."

"மொத்தம் எத்தினி பொட்டி அனுச்சிருப்போம்?"

எனக்குத் தெரியும். ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் போட்டவன் நான். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

உடைந்த பற்களைக் கம்பெனி ஷெட்டில் ஒரு பலகையில் வைத்திருந்தார்கள். கிறிஸ்துராஜ் கண் போனவனின் ரத்தம் பட்ட பல்லை முதலில் எடுத்தார். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தார். அது உடைந்த பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பினார். அவ்வளவுதான், அவர் முகம் செத்துவிட்டது. அடுத்ததை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார். ஐந்தையும் துடைத்துப் பார்த்துவிட்டு, வரிசை மாறாமல் திரும்ப வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் கேட்டார். மத்தியானம் சாப்பிடவில்லை.

சாயங்காலம் நாங்கள் தங்கிய அறையில் அவரே ஆரம்பித்தார்.

"புதுசா ஒடைஞ்ச இரும்பு பளபளன்னு கீது. பழைய வெடிப்பு கறுத்துப்பூடும். அஞ்சு பல்லும் ஒரு ஓரத்துல கறுப்பா கீது. எண்ணெக் கறுப்பு. அது இங்க விட்ட வெடிப்பு இல்ல. நம்ம தொட்டிலயே விட்டுட்டுது."

"எதனால?"

"சிலுவையாலடா." அவர் குரல் உடைந்துவிட்டது. "உளி வெட்டு கூரா எறங்கும்ல. செவக்கக் காஞ்ச இரும்ப எண்ணெல போட்டா சுருங்கும், சுருங்கும்போது அந்த வெட்டுலருந்து மயிரிழையா வெடிப்பு விடும். எல்லாத்துலயும் விடாது, முன்ன ஒண்ணு ரெண்டு ஒடைஞ்சிருந்தா தேஞ்சுதுன்னு மாத்தியிருப்பாங்க. எதுல விட்டுதோ அது அந்தக் கழுத்துலதான் ஒடையும், பாரம் பூராவும் அங்கதானே வருது. எவனுக்கும் அடிபடக்கூடாதுன்னு போட்டேன். ஒருத்தன் கண்ண நோண்டிட்டேன்."

எட்டு வருஷம் ஞானஸ்நானம் என்று நான் செய்த கிண்டல் அத்தனையும் என்னைக் குத்தியது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். கத்தினேன்.

"இத்த வெளிய சொன்னா ஆர்டர் போச்சு. பட்டறைல நாப்பது பேர் கீறோம். நம்ம ஊட்ல அடுப்பு எரிய வாணாமா? யாரு கேட்டா உன்ன? பேசாம இரு அண்ணே."

"அருளப்பன் ஊட்ல?"

"அவன் நமக்கு யாரு?"

அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மறுநாள் காலை மேனேஜர் அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர், வெள்ளைக்காரர். சுவரோரம் இயோவானே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். மேஜைமேல் உடைந்த பல் ஒன்றும், எங்கள் பெட்டியிலிருந்து எடுத்த புதுப்பல் ஒன்றும் இருந்தன. உங்கள் ஆள் என்ன சொல்கிறார் என்று மேனேஜர் கேட்டார். கிறிஸ்துராஜ் நேராக நின்று தமிழில் சொன்னார்.

"ஐயா, தப்பு என்னுது. உளில வெட்டின எடத்துல வெடிப்பு விட்டு ஒடைஞ்சிது. இவரு மேல ஒரு தப்பும் இல்ல. தங்கவேலு, அப்படியே சொல்லு."

நான் எழுந்தேன். நல்ல இங்கிலீஷில், தடுமாறாமல், எங்கள் நிபுணர் இரும்பில் எந்தக் குறையும் காணவில்லை, பற்கள் கடும் பாறையில் மோதியதால் உடைந்திருக்கின்றன என்று சொன்னேன். ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தேன்.

கிறிஸ்துராஜுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் இயோவானேவுக்கு இங்கிலீஷ் புரியும். அவன் கையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். கிறிஸ்துராஜ் அவன் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள அவருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

தன் பையைத் திறந்தார். அண்ணனூரிலிருந்து கொண்டுவந்த உளியை எடுத்து மேஜையில் வைத்தார். புதுப்பல்லைத் திருப்பிக் கழுத்திலிருந்த சிலுவையைக் காட்டினார். உளியின் வாயை அந்த வெட்டில் வைத்தார், அச்சாகப் பொருந்தியது. பிறகு உடைந்த பல்லை எடுத்து, பாதியில் அறுந்து நின்ற சிலுவையையும் அதன் ஓரத்துக் கறுப்பையும் மேனேஜரின் கண்ணுக்கு நேரே பிடித்தார். இயோவானேவைக் காட்டி இல்லை என்று கையசைத்தார். உளியைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"இயோவானே நோ," என்றார். "மீ."

மேனேஜர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் பூமிக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். அந்த ஊரில் அதற்கும் மண் இல்லை.

அந்த அறையிலேயே இயோவானேவை மறுபடி கிரேனில் ஏறச் சொல்லிவிட்டார்கள். கிளம்பும்போது அவன் விமானம்வரை வந்தான், ஒரு பெண்ணையும் கூட்டிவந்தான். அவள் கிறிஸ்துராஜின் கழுத்தில் சங்குமணி மாலை ஒன்றைப் போட்டுவிட்டு, திரும்பி நடக்கும்போது புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். என் பக்கம் இரண்டு பேரும் திரும்பவே இல்லை. விமானத்தில் மூன்று நாடு தாண்டும்வரை கிறிஸ்துராஜ் என்னோடு பேசவில்லை. மெட்ராஸில் இறங்குவதற்குச் சற்று முன்னால், "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

ஆர்டர் போயிற்று. கிறிஸ்துராஜை, திரும்பிவந்த அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பினார்கள், அடுத்த மாதத்தில் ஆறு பேரை நிறுத்தினார்கள். என் காதுபட அவரைச் சொன்ன இரண்டு பேரும் அந்த ஆறு பேரில் இருந்தவர்கள்தான். என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள், சம்பளமும் ஏற்றினார்கள். விசுவாசமான ஆள் என்று முதலாளி நாலு பேர் முன்னால் சொன்னார். அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது.

94 டிசம்பரில் பட்டறைக்கு ஒரு கிறிஸ்துமஸ் கார்டு வந்தது. கிறிஸ்துராஜ் பெயருக்கு, தீவின் தபால்தலையோடு. அவர் அப்போது திருமழிசையில் ஒரு சின்னப் பட்டறையில் இருந்தார். ஐந்து வருஷமாக அவரைப் போய்ப் பார்க்காதவன் நான், பார்க்கிற முகமா என்னுடையது. பூந்தமல்லி போய் பஸ் மாறி, கார்டை எடுத்துக்கொண்டு போனேன். உலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், மயிர் நன்றாக நரைத்திருந்தது.

"வா தங்கவேலு," என்றார், நேற்றுப் பார்த்தவர் மாதிரி. கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். "படி."

இந்தத் தடவை ஒரு வார்த்தையும் மாற்றக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தித் தமிழில் படித்தேன். சகோதரர் கிறிஸ்துராஜுக்கு, நாங்கள் சுகம். மைத்துனன் ஒரு கண்ணோடு மீன் பிடிக்கிறான், கல்யாணம் ஆகிவிட்டது. எனக்கு நாலாவது குழந்தை, பையன், உங்கள் பெயரை வைத்திருக்கிறோம். நான் கிரேன்தான் ஓட்டுகிறேன். பல் இப்போது வேறு நாட்டிலிருந்து வருகிறது.

அடுத்த வரியில் நான் நின்றுவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார்.

"இன்னா? படி. அப்படியே படி."

படித்தேன். "அந்தப் பல் உடைவதே இல்லை. வேலை மிக வேகமாக நடக்கிறது. நீங்கள் உட்கார்ந்த இடத்துக்கு அந்தப் பக்கம் இருந்த காட்டையும் முடித்துவிட்டோம். இன்னும் சில வருஷத்தில் மண் தீர்ந்துவிடும். அப்போது எங்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்."

உலை தயாராகிவிட்டது என்று உள்ளேயிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். அவர் பக்கத்திலிருந்த வார்ப்படத்தை எடுத்தார், மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்கட்டியை எடுத்தார், அதன் கழுத்தில் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என்று கோடு போட்டார்.

"நெருப்புல போனா அழிஞ்சிடுமே அண்ணே" என்றேன்.

"தெரியும்" என்றார். அடுத்ததை எடுத்தார். "அன்னிக்கு அந்தக் கல்லு மேல குந்திக்கினு உன்ன ஒண்ணு கேட்டேன். தெரியாதுன்ன. இப்பவாவது சொல்லு, எத்தினி பொட்டி?"

"எழுநூத்தி நாப்பத்தாறு" என்றேன்.